பர்மிங்காமில் பிள்ளைப்பேறு: அம்மா பக்கத்தில் இல்லாதபோது

உன் கேள்வியைப் படித்தேன் தங்கச்சி. கணவரோடு பர்மிங்காம் வந்து நாலு மாதம், வயிற்றில் ஏழு மாதம், அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அம்மா போனில், "பதினைஞ்சு நாள் எந்திரிக்காத, தண்ணி குடிக்காத, வயிறு போட்டுரும்" என்கிறார். இங்குள்ள மிட்வைஃப் (பேறுகாலம் பார்க்கும் நர்ஸ்), மறுநாளே எழுந்து நடக்கணும், நிறையத் தண்ணீர் குடிக்கணும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறாய். நான் பாம்பன்காரி, நீ தங்கச்சிமடம். அதனால் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன். என் பிள்ளைகள் இரண்டும் லண்டனில் பிறந்தவை.

தண்ணீர், நடை இரண்டிலும் மிட்வைஃப் பேச்சைக் கேள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம். படுத்தே கிடந்தால் இன்னும் கூடும். சிசேரியன் ஆன சிலருக்கு அதைத் தடுக்க, வயிற்றில் தானே போட்டுக்கொள்ளும் ஊசியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். கொடுத்தால் ஒரு நாளும் விடாமல் போட்டுக்கொள். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் வரும், தையலோடு முக்கினால் வலியில் உயிர் போகும், நீர்க்கடுப்பும் சேரும். வயிறு பெரிதாகத் தெரிவது கர்ப்பப்பை சுருங்க நாளாவதாலும் தசை தளர்ந்திருப்பதாலும்தான். குடிக்கும் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதற்காக ஊர் வழக்கத்தையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நம் கடற்கரையில் பச்சை உடம்புக்காரியைத் தேற்றுவது மருந்து மட்டுமில்லை, வீடு நிறைய இருக்கும் பெண்கள். அம்மாச்சி காலைப் பிடித்துவிடுவார், சித்தி குழம்பு வைப்பார், பெரியம்மா முகத்தைப் பார்த்ததுமே "ராத்திரி தூங்கலையாடி" என்பார். நீ வாயே திறக்க வேண்டியதில்லை. இங்கே அப்படி முகம் பார்த்துக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓடி வருவார்கள். சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் பத்தியத்தை விட முக்கியமாக நீ பழக வேண்டியது வாய்விட்டுச் சொல்வது.

சுகப்பிரசவம் என்றால் அன்றைக்கே கூட வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சிசேரியனுக்கு ஒன்றிரண்டு நாள் வைத்திருப்பார்கள். அப்புறம் நம்மூர் கிராம நர்ஸ் மாதிரி மிட்வைஃப் வீட்டுக்கு வருவார். ஏறக்குறைய பத்து நாள் அவர் பொறுப்பு, பிறகு ஹெல்த் விசிட்டர், அதாவது பிள்ளை வளர்ச்சியைப் பார்க்க வரும் நர்ஸ். சோபா ஓரத்தில் உட்கார்ந்து, குறிப்பேட்டைத் திறந்து, "ஹவ் ஆர் யூ?" என்பார். நமக்கு "ஃபைன்" தானாக வந்துவிடும். அதைச் சொல்லாதே. தையல் எரிகிறது, மார்பு கல்லாகக் கட்டியிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, எது இருக்கிறதோ அதை அவ்வப்போது ஒரு தாளில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டிவை. அவர் வந்ததும் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள், இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் அதற்குக் காசு கிடையாது. எல்லாவற்றையும் கணவர் வழியாகச் சொல்ல நினைக்காதே. சில விஷயம் அவர் முன்னால் வாயில் வராது.

சிலவற்றுக்கு மிட்வைஃப் வரும் வரை காத்திருக்கவே கூடாது. ஒரு மணி நேரத்தில் பேட் முழுக்க நனைவது, கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், கண் மங்குவதோடு கடும் தலைவலி, நடுக்கத்தோடு காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு இவற்றில் எது வந்தாலும் உடனே மகப்பேறு வார்டுக்குப் போன் செய், அல்லது என்எச்எஸ்ஸின் மருத்துவ உதவி எண் 111. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ரத்தம் கொட்டுவது, மயக்கம் என்றால் நேராக ஆம்புலன்ஸுக்கு 999. இந்தப் பட்டியலை உன் கணவர் மனப்பாடம் செய்யட்டும்.

மனசு விஷயத்தையும் மறைக்காதே. முதல் வாரம் அழுகை வருவது பலருக்கும் சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் இருட்டாகவே இருந்தால் சொல்லியாக வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க, எடின்பரோ பெயரில் 1987 முதல் புழங்கும் 10 கேள்விகள் உண்டு, அந்தத் தாளை நீட்டினாலும் நீட்டுவார்கள். தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது கடைசிக் கேள்வி. உள்ளதை எழுது. அழுகிறேன் என்றதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், உதவிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.

இனிச் சாப்பாடு. சுறாப்புட்டு சாப்பிட்டால் பால் ஊறும் என்று அம்மா சொல்லியிருப்பார். சுறாவில் பாதரசம் சேரும். கர்ப்பத்தில் வேண்டவே வேண்டாம், பாலூட்டும்போது வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்பது இங்குள்ள அறிவுரை. நம்ம ஊர்ச் சூடை மாதிரியே இங்கே சார்டின் கிடைக்கும், அது வாரம் இரண்டு வேளை போதும். பூண்டுக் குழம்பைப் பிரசவத்துக்கு முன்பே செய்துவை: நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் முழுப் பூண்டும் பொன்னிறமாகச் சுருள வதங்கியதும், அரைத்த மிளகு சீரகத்தைச் சேர்த்து, தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை வற்றவிடு. ஆறியவுடன் ஒரு வேளை அளவாகச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் போட்டுவிடு. கணவர் சோறு மட்டும் வடித்தால் போதும். ஊரிலிருந்து வரும் லேகியத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் தொடாதே, சிலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது. வெயில் இல்லாத ஊர் இது, வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்.

வெந்நீர்க் குளியல் நல்லதுதான், தலைக்கும் ஊற்றலாம். கொதிக்கக் கொதிக்கத் தையல் மேல் மட்டும் வேண்டாம். வயிற்றை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

உன் கணவருக்குத் தகுதி இருந்தால் பிள்ளைப்பேறு விடுப்பு இரண்டு வாரம் கிடைக்கும், பிரித்தும் எடுக்கலாம். ஒரு வாரத்தை முதலிலும் இன்னொன்றை மிட்வைஃப் வருகை நின்ற பிறகும் எடுக்கச் சொல். 42 நாளுக்குள் பிறப்பைப் பதிவது அவர் வேலை. மருந்துச் சீட்டுக்கும் பல் வைத்தியத்துக்கும் பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை காசு கட்ட வேண்டாம், அதற்கான மகப்பேறு விலக்குச் சான்றை மிட்வைஃபிடம் இப்போதே கேள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஜிபி (நீ பதிந்திருக்கும் குடும்ப டாக்டர்) உன்னையும் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் நேரம் கொடுத்தால் எனக்கும் வேண்டும் என்று சொல். பால் கொடுத்தாலும் மாதவிலக்கு வராவிட்டாலும் மூன்று வாரத்திலேயே மறுபடி கரு தங்கலாம், அதனால் கருத்தடை பற்றி ஜிபியைப் பார்க்கும் வரை காத்திருக்காமல் முன்பே பேசிவிடு.

தண்ணீர் விஷயத்தை அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். மகளைப் பார்க்க வர முடியாத தவிப்பில்தான் அவர் அத்தனையும் சொல்கிறார். தினம் ஒரு வேளை நீ சாப்பிடுவதை வீடியோவில் அவருக்குக் காட்டு.