கஞ்சிப் பதம் தெரிந்த வீட்டுப் பெண்

ஆத்தூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டில் இருக்கிறாள். நீங்கள் பி.எட். என்கிறீர்கள். அவளோ முகக்கிரீமுக்கும் கம்மி மிட்டாய்க்கும் பதம் தருகிற இயற்கைப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். "இப்படியும் ஒரு வேலை உண்டா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. வீட்டுக்காரர் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் இருக்கிறார் என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அரைத்த குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், திப்பி போக, பாலைத் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும். அதைக் காய்ச்சினால் தெளிவான, இழுவையான கூழ் வரும். மக்காச்சோள மாவைக் காய்ச்சினால் ஆறியதும் வெளுத்து, கத்தியால் வெட்டும்படி இறுகிவிடும். மக்காச்சோள மாவில் அமைலோஸ் என்கிற பகுதி கூடுதல், காரணம் அதுதான். உங்கள் மகள் கேட்கும் வேலை முழுக்க இந்த மாதிரி வித்தியாசங்களைப் பற்றியது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியோடு வளர்ந்தவளுக்கு இது அந்நியமான தொழிலே இல்லை.

கம்மி என்கிற மெல்லும் ஜெல்லி மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். விலங்குத் தோல், எலும்பிலிருந்து வரும் ஜெலட்டின் நன்றாக மெல்ல வரும். ஆனால் 35 டிகிரியை ஒட்டி இளகிவிடும். சேலத்து மே மாதத்தில் டப்பா முழுவதும் ஒரே கட்டியாகிவிடும். சைவம் வேண்டுமென்றால் எலுமிச்சை வகைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுக்கும் பெக்டின். ஆனால் அது பிடிவாதக்காரப் பொருள். அதன் வழக்கமான வகை இறுகுவதற்கு சர்க்கரை நிறைய வேண்டும், புளிப்பும் சரியான அளவில் வேண்டும். புளிப்பை முன்னதாகச் சேர்த்தால் பாத்திரத்திலேயே இறுகிப் போகும். கடற்பாசியில் கிடைக்கும் அகர் 85 டிகிரி வரை தாங்கும். ஆனால் வாயில் இழுவையின்றி உடையும்.

கிரீமில் கணக்கு வேறு. நுண்ணுயிரை வைத்துப் புளிக்கவைத்து எடுக்கும் சாந்தன் பிசின் நூற்றுக்கு ஒரு பங்குகூட வேண்டியதில்லை. கூடினால் வெண்டைக்காய்போல வழுவழுக்கும். மரவள்ளி மாவு சேர்த்தால் பிசுபிசுப்பு குறையும். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: பிசினும் மாவும் பூஞ்சைக்கும் உணவு. 'இயற்கைப் பொருள்தானே, கெடாமல் காக்கும் பொருள் எதற்கு?' என்று கிரீம் செய்யக் கற்றுத்தரும் வார இறுதி வகுப்பில் யாராவது சொல்லிக்கொடுத்தால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவி அப்படிப் பணம் கட்டி, சான்றிதழோடு ஒரு பெட்டி பூசணம் பிடித்த கிரீமும் வைத்திருந்தாள்.

படிப்பு என்றால் எம்.எஸ்சி. உணவு அறிவியல் அல்லது உணவுத் தொழில்நுட்பம். சேலம் பெரியார் பல்கலைக்கழகம், மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) இரண்டின் சேர்க்கை விதிகளையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பிளஸ் டூவில் கணிதம் கேட்கிறார்களா என்பதை முக்கியமாக. கூழ் எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது என்று அளக்கும் ரியாலஜி பாடம் எங்கே நன்றாக நடக்கிறது என்றும் விசாரிக்கட்டும்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: வேலை பெரும்பாலும் பெங்களூரு, மும்பை பக்கம்தான். தொடக்கத்தில் ஒரே கலவையை நாள் முழுக்க எடைபோட்டு, காய்ச்சி, கொட்ட வேண்டியிருக்கும். அரசுப் பள்ளி ஆசிரியைக்குள்ள நிம்மதி இதில் இல்லை. உங்கள் பயத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

அதனால் ஒரு சின்னச் சோதனை. ஜெலட்டின், அகர், ஆலை மாவு மூன்றிலும் தனித்தனியாகக் கூழ் காய்ச்சி, மொட்டைமாடியில் மதியம் வைத்து, மணிக்கொருமுறை பார்த்து எழுதட்டும். அளவை மாற்றி மாற்றிப் பத்து நாள். நான்காம் நாள் அலுத்துவிட்டால் பி.எட். விண்ணப்பத்தை வாங்கிவிடலாம்.

அலுக்கவில்லையென்றால் அந்த நோட்டோடு ஒரு சனிக்கிழமை சேலம் அஸ்தம்பட்டிக்கு என்னிடம் அழைத்து வாருங்கள். அவள் அப்பாவும் வரட்டும். மழைக்காலக் கிழங்கில் மாவு ஏன் குறைகிறது என்று அவரிடம் எனக்குக் கேட்க வேண்டும்.