சிறிய தோட்டத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கவிதை வாரத்தை எப்படி நடத்தினால் பிள்ளைகள் உண்மையிலேயே படிப்பார்கள்?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளி. 84 மாணவர்கள். வளமையம், அதாவது பள்ளி நூலகம், அரை வகுப்பறை அளவுதான். ஒவ்வோர் ஆண்டும் கவிதை ஒப்புவிக்கும் போட்டி வைக்கிறோம். அதே ஐந்தாறு பிள்ளைகள் பரிசு வாங்குகிறார்கள். விழா முடிந்ததும் கவிதை நூல்களை யாரும் தொடுவதில்லை. எதை மாற்றலாம்?

பதில்: முதலில் போட்டியை ஓர் ஆண்டுக்கு நிறுத்திவையுங்கள். ஒப்புவித்தல் அளப்பது நினைவாற்றலையும் வீட்டில் கிடைத்த பயிற்சியையும். ஐந்தாறு பேர் மேடையேற, மற்ற பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். இன்னொரு கோளாறு யார் கண்ணிலும் படுவதில்லை. போட்டிக் கவிதை எப்போதும் நகலெடுத்த ஒற்றைத் தாளில்தான் வருகிறது. அது ஒரு நூலில் இருக்கிறது, அந்த நூல் நம் வளமையத்து அலமாரியில் இருக்கிறது என்பதே பிள்ளைக்குத் தெரியாது. பிறகு எப்படி வந்து எடுக்கும்? ஆகவே வாரத்துக்கு இரண்டே இலக்கு வையுங்கள்: 84 பேரும் ஒருமுறையாவது வாய்விட்டுக் கவிதை சொல்ல வேண்டும், 84 பேரும் ஒருமுறையாவது ஒரு கவிதை நூலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நாள் குறிப்பதில் ஒரு யோசனை. உலகக் கவிதை நாளான மார்ச் 21 சில ஆண்டுகளில் தவணை விடுமுறையோடு மோதும். பாரதி பிறந்த டிசம்பர் 11 பெரும்பாலும் விடுமுறையில் போய்விடும். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஏப்ரல் 29 பாரதிதாசன் பிறந்தநாள். இரண்டையும் ஒட்டி ஒரு பள்ளி வாரம் வசதியாகக் கிடைக்கிறது. தயாரிப்புக்கு நான்கு வாரம் விடுங்கள்.

தயாரிப்பு அலமாரியில் தொடங்குகிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, அதன்கீழ் கவிதை 894.8111. அந்த இடத்தில் எத்தனை நூல் இருக்கின்றன என்று எண்ணுங்கள். சிறுவர் பாடல் நூல்கள் பெரும்பாலும் 32 அல்லது 48 பக்கம், நடுவில் கம்பி அடித்தவை. அவற்றுக்கு முதுகே கிடையாது. தடித்த கதைப் புத்தகங்களுக்கு நடுவே செருகினால் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கவிதை நூலை யாரும் எடுப்பதில்லை என்ற குறைக்குப் பாதிக் காரணம் இதுவே. இந்த நூல்களை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். ஐந்து கட்டு ஏ4 தாள் வரும் அட்டைப்பெட்டி போதும். முன்பக்கத்தை 12 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி இறக்கி, நூல்களை முகப்பு தெரியும்படி நிறுத்தி, வாசல் பக்கத்து மேசையில் வையுங்கள். பெட்டிக்குள் 25 நூலுக்கு மேல் வேண்டாம். நெருக்கி அடைத்தால் சின்னக் கைகளால் புரட்டிப் பார்க்க முடியாது. எண் ஒட்டுத்தாளை முகப்பட்டையின் கீழ் இடது மூலையில் ஒட்டுங்கள்.

இரவல் கொடுப்பதில்தான் பல வளமையங்கள் சறுக்குகின்றன. ஓய்வு நேரம் 20 நிமிடம் என்றால், சாப்பிட்டுக் கைகழுவி வரும் பிள்ளைக்கு மிஞ்சுவது எட்டு நிமிடம். ஒருவருக்கு அரை நிமிடம் என்று கணக்கிட்டாலும் 16 பேருக்குத்தான் எழுதிக்கொடுக்க முடியும். மற்றவர்கள் வரிசையில் நின்று மணியடித்ததும் வெறுங்கையோடு போவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். பள்ளி முடிந்த பின் வரச் சொல்லவும் வழியில்லை, பேருந்து காத்திருக்காது. வகுப்புவாரியாகக் கொடுங்கள்: ஒரு வகுப்பில் ஏறத்தாழ 14 பேர், தமிழ்மொழிப் பாடத்தின் முதல் ஏழு நிமிடம். பெயர்களை முன்னரே எழுதிவைத்த பதிவேட்டில் நூலக மாணவத் தலைவர் ஒருவர் நூல் எண்ணை மட்டும் எழுத, இன்னொருவர் தேதி முத்திரை குத்தினால் வேலை முடிந்தது.

84 பேருக்கு 84 கவிதை நூல் எந்தச் சிறு பள்ளியிலும் இராது. பற்றாக்குறைக்கு மடிப்பு ஏடு செய்யலாம்: ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கம், பசையும் கம்பியும் வேண்டாம். தாளைக் கிடைமட்டமாக வைத்து எட்டுக் கட்டமாகப் பிரியுங்கள், மேலே நான்கு, கீழே நான்கு. கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1 ஆம் பக்கங்கள் நேராக. மேல் வரிசையில் 5, 4, 3, 2 ஆம் பக்கங்கள் தலைகீழாக. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, எட்டுக் கட்டத்தின் கோடுகளிலும் அழுத்தி மடித்து விரியுங்கள். நடுக் கிடைக்கோட்டில் நடு இரண்டு கட்டத்தின் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். பிறகு அச்சு வெளியே தெரியும்படி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடு வெட்டு விரிந்து ஏடாகிவிடும். வெட்டு ஓரம்வரை ஓடிவிட்டால் தாள் பிளந்துவிடும், ஆண்டு 1, 2 பிள்ளைகளுக்கு ஆசிரியரே வெட்டிக் கொடுப்பது நல்லது. 80 கிராம் தாள் சரியாக மடியும், கனத்த தாள் வாய் பிளந்து நிற்கும். பக்கத்தின் அகலம் ஏழரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதனால் அடி குறுகிய பாடல்களையே தேர்ந்தெடுங்கள், எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம். முதல் பக்கம் முகப்பு. ஆறு பக்கத்தில் ஆறு சிறு பாடல். எட்டாம் பக்கம் வெற்றிடம், பிள்ளை தன் வரியை எழுத. வகுப்புக்கு ஒன்றாக ஆறு விதமான ஏடு செய்தால் பிள்ளைகள் தமக்குள் மாற்றிப் படித்துக்கொள்வார்கள்.

அச்சிடும் முன் உரிமையைப் பாருங்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை நிலைக்கும். பாரதி (1921), கவிமணி (1954), பாரதிதாசன் (1964) ஆகியோரின் பாடல்களைத் தயங்காமல் எடுக்கலாம். அழ. வள்ளியப்பா 1989இல் மறைந்தவர், அவர் பாடல்களுக்கு அனுமதி வேண்டும். அவர் நூல்களை இரவல் கொடுப்பதற்குத் தடையே இல்லை. நம் நாட்டுக் கவிஞர்களை விட்டுவிடாதீர்கள். முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் வந்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் ஆசிரியர் கையில் இருக்க வேண்டிய நூல். வாழும் கவிஞரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டு அச்சிடுங்கள். பால்மரமும் செம்பனையும் வரும் கவிதையைத் தோட்டத்துப் பிள்ளை படிக்கும்போது அதன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

நடைவழியில் கவிதை ஒட்டுவதானால் ஏ3 தாள், தரையிலிருந்து 110 சென்டிமீட்டர் உயரம். பெரியவர்கள் தம் கண்மட்டத்தில் ஒட்டிவிடுகிறார்கள், ஆண்டு 1 பிள்ளை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. லேமினேட் செய்தபின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டுங்கள். தாளோடு ஒட்டி வெட்டினால் மாலை மழைச் சாரல் உள்ளே இறங்கும்.

இனி வாசிப்பு. கவிதை முதலில் காதுக்குரியது. ஆகவே திங்கள் சபைகூடலில் ஆசிரியர் ஒருவர் நூலைக் கையில் பிடித்து, முகப்பைக் காட்டி, எட்டே அடியை நிதானமாகப் படிக்கட்டும். விளக்கம் வேண்டாம், கேள்வி வேண்டாம். செவ்வாய் முதல் வகுப்புகளில் கூட்டு வாசிப்பு. 8 முதல் 16 அடிவரை உள்ள பாடலை எடுத்து, 14 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, அடிகளைப் பங்கிடுங்கள். ஓர் அடியைத் தனிக்குரல் சொல்ல, மறு அடியை எல்லாரும் சொல்லலாம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வரும் அடியைக் கொடுங்கள், இரண்டாம் நாளே அதற்குப் பாடமாகிவிடும். மெல்லிய குரல் கூட்டத்தில் துணிவு பெறுவதைக் காணலாம். மூன்று பயிற்சி போதும். அதற்குமேல் போனால் எல்லாரும் ஒரே இழுவையில் ராகம் போட ஆரம்பித்துவிடுவார்கள், ‘இந்த இடத்தில் கையை நீட்டு’ என்ற நடிப்பும் புகுந்துவிடும். சைகை எதையும் சொல்லித்தராதீர்கள்.

தமிழ்மொழிப் பாடத்தின் ‘செய்யுளும் மொழியணியும்’ பகுதிக்காகக் குறள், ஆத்திசூடி எல்லாம் ஏற்கெனவே மனனம் செய்கிறார்கள். ஆனால் சீர் பிரிந்த இடத்தில் மூச்சுவிட்டுப் படிப்பதால் பொருள் உடைந்துபோகிறது. 397ஆம் குறளைப் பாருங்கள்:

யாதானும் நாடாமால் ஊராமால் என்னொருவன்
சாந்துணையுங் கல்லாத வாறு.

பிள்ளை ‘வாறு’ என்று ஒரு தனிச்சொல் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஒரே அட்டையில் மேலே சீர் பிரித்த வடிவையும், கீழே ‘யாதானும் நாடு ஆம், ஊர் ஆம், ஒருவன் சாகும் துணையும் கல்லாதவாறு என்?’ என்று சொல் பிரித்த வடிவையும் எழுதுங்கள். கீழே உள்ளதை இரண்டு முறை பேச்சுப்போலப் படிக்கவைத்து, அதன்பின் மேலே உள்ளதைச் சொல்லவைத்தால், குரல் தானாக ‘என்’ என்ற கேள்வியைத் தாங்கி வரும். கற்றவனுக்கு எல்லா ஊரும் சொந்த ஊராகும், பிறகு ஏன் ஒருவன் சாகும்வரை படிக்காமல் இருக்கிறான் என்று வள்ளுவர் ஆற்றாமையோடு கேட்கிறார். தோட்டம் விற்கப்பட்டுப் பட்டணத்து அடுக்கு வீட்டுக்குக் குடிபோன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியைப் பத்து வயதிலேயே கேட்க உரிமை உண்டு.

எழுதவைப்பது படிநிலை 2 (ஆண்டு 4 முதல் 6) மாணவர்களோடு போதும். எதுகை மோனையை முதல் நாளிலேயே கேட்டால் ‘அம்மா, சும்மா’ என்று சொல் தேடுவார்களே தவிர, எதையும் பார்க்கமாட்டார்கள். பத்து நிமிடம் பள்ளி வளாகத்துக்குள் நிற்கவைத்து நான்கு வரி கேளுங்கள்: கண்டது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் உறுமல், வெயிலில் ரப்பர்க் காய் வெடிக்கும் ஓசை, ஆலைப் பக்கமிருந்து வரும் வாடை எல்லாம் தாமாக வந்து விழும். மறுநாள், முதலெழுத்து ஒன்றும்படி ஓர் அடியை மட்டும் மாற்றச் சொல்லி மோனையை அறிமுகப்படுத்தலாம். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், பிள்ளை கண்ட காட்சியைத் திருத்தாதீர்கள். எழுதிய நான்கு வரியே ஏட்டின் எட்டாம் பக்கத்துக்குப் போகட்டும்.

வாரத்தின் மிகப் பெரிய பொருள் பள்ளிக்கு வெளியே இருக்கிறது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்து ரப்பர்ப் பால் வெட்டிய பாட்டிகளிடம் தாலாட்டும் கும்மியும் தோட்டப் பாடல்களும் இருக்கின்றன. 1960களில் நிரை (மர வரிசை) பிடித்து வெட்டியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக, தயாரிப்பின் முதல் வாரத்திலேயே மூன்று நான்கு பேரைக் கேட்டுவையுங்கள். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். ஒரே பாட்டை இரண்டு முறை பாடச் சொல்லுங்கள், முதல்முறை வெட்கத்தில் சில அடி விடுபடும். பாடிய பேச்சிலேயே எழுதுங்கள், ‘வாராங்க’ என்பதை ‘வருகிறார்கள்’ ஆக்கினால் தாளம் செத்துவிடும். சில பாடல்களில் சாதி ஏச்சும் கொச்சையும் இருக்கும், அதனால் பிள்ளைகளுக்கு முன் ஆசிரியர் கேட்டுவிட வேண்டும். பெயர் போடலாமா என்று பாடியவரிடமே கேளுங்கள். பெரட்டு, மங்கு, நிரை, கிராணி, ஆயாக்கொட்டகை போன்ற சொற்களுக்குப் பொருளை மாணவர்களே பாட்டியிடம் கேட்டு எழுதி, பாட்டின் அடியில் சேர்க்கட்டும்.

வெள்ளி நிகழ்ச்சி 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஆறு வகுப்பும் ஐந்தைந்து நிமிடம் கூட்டு வாசிப்பு, பாட்டி ஒருவரின் பாட்டு, தலைமையாசிரியரின் உரை மூன்று நிமிடம். பரிசு வேண்டுமென்றால் எல்லாருக்கும் ஒரே பரிசு, மடித்த ஏடு.

நீலாம் என்னும் பள்ளி வாசிப்புத் திட்டப் பதிவில் பிள்ளைகள் சுருக்கமும் படிப்பினையும் எழுதிப் பழகியிருக்கிறார்கள். கவிதைக்கு அது பொருந்தாது. சுருக்கத்துக்குரிய இடத்தில் பிடித்த ஓர் அடியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பலன் தெரிய, வாரத்துக்கு முந்தைய நான்கு வாரத்திலும் பிந்தைய நான்கு வாரத்திலும் 894.8111இல் எத்தனை வெவ்வேறு பிள்ளைகள் இரவல் வாங்கினார்கள் என்று பதிவேட்டில் எண்ணுங்கள். மொத்த நூல் எண்ணிக்கை ஏமாற்றும், ஆர்வமுள்ள ஒரு பிள்ளையே பத்து எடுத்திருக்கும். பெயர் வராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, அடுத்த வாரம் அவர்களிடம் பெட்டியை நீங்களே கொண்டுபோங்கள். பாட்டிகளின் பாடல்களை அச்சிட்டு அட்டை போட்டு, எண் ஒட்டி, இரவல் பதிவேட்டில் ஏற்றி, அதே பெட்டியில் முதல் நூலாக நிறுத்துங்கள்.