அந்தப் புதுக் குழாய்தான் உங்கள் வழக்கு

கேள்வி: காவிரிக் கரையோரம் எனக்கு இரண்டு ஏக்கர் வாழைத் தோப்பு. நகராட்சிச் சாக்கடை 2017-லிருந்து சுத்திகரிக்கப்படாமல் ஓடை வழியாக ஆற்றில் விழுகிறது. கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது, வாழைத்தார் சிறுத்துவிட்டது. ஆட்சியரிடம் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. கேட்கப் போன இடத்தில் நகராட்சித் தலைவர் ஒருமையில் பேசினார். போதாக்குறைக்கு, நான்கு மாதம் முன்பு புது வீட்டுமனைப் பகுதியின் கழிவையும் தனிக் குழாய் போட்டு அதே ஓடையில் விட்டுவிட்டார்கள். 40 லட்சம் நஷ்டஈடு கேட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் போகலாமா? குழாய் வாயை மண்மூட்டை போட்டு அடைத்துவிடலாம் என்கிறான் என் மகன்.

பதில்: தலைவர் மரியாதையாகப் பேசியிருந்தாலும் உங்கள் வழக்கு இம்மியும் மாறாது. அதை விடுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'நான்கு மாதம் முன்பு' என்ற ஒரு வரிதான் எனக்குப் பயன்படுகிறது.

பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, பிரிவு 14-இன்படி வழக்குமூலம், அதாவது வழக்குப் போடக் காரணமான நிகழ்வு, 'முதலில் எழுந்த' நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும், அதோடு சரி. நஷ்டஈட்டுக்குப் பிரிவு 15, அதற்கு ஐந்து ஆண்டு. 2017-ஐத் தொடக்கமாக எழுதினால் இரண்டு கதவும் மூடியாகிவிட்டது.

இந்தக் குழியில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் கட்சிக்காரர் ஒருவர், திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் கூட்டத்தில் வாங்கிய ரசீதுகளைத் தேதிவாரியாகத் துளையிட்டு, நூல் கோத்துக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் இணைக்கச் சொல்லி ஒரே பிடிவாதம். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் ரசீதின் தேதியை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். மனு போட்டுக்கொண்டே இருந்தால் காலக்கெடுவும் நீளும் என்று நினைக்கிறார்கள். நீளாது. தினமும் கழிவு விழுகிறதே, தினமும் புது வழக்குமூலம்தானே என்று வாதிடலாம். தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட வழக்குகளும் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். புதுக் குழாயை மையமாக வைத்து எழுதுங்கள். பழைய கதையை மறைக்கச் சொல்லவில்லை, மறைத்தால் அதற்கும் அடி விழும். பின்னணியாக ஒரே பத்தியில் முடியுங்கள்.

அடுத்த குழி, ஆய்வுக்கு எடுக்கும் தண்ணீர் மாதிரி. லேபிள்கூடக் கிழிக்காத கூல்டிரிங்ஸ் பாட்டிலில் சாக்கடையைப் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்கி வருவார்கள். "எந்த இடத்தில் எடுத்தது, யார் பார்த்தார்கள்?" என்ற ஒரே கேள்வியில் அது படுத்துவிடும். நீர்ச் சட்டம் 1974, பிரிவு 21-இன்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுத்து, எதிர்த்தரப்பு முன்னிலையில் மாதிரியைப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஆகவே கூட்டுக் குழு அமைத்து ஆய்வு செய்யுமாறு மனுவிலேயே இடைக்கால நிவாரணமாகக் கேளுங்கள். நகராட்சி பணமில்லை என்று சொல்லும், சொல்லட்டும். அந்தச் சாக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே ரத்லம் நகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது.

மண்மூட்டை வேண்டவே வேண்டாம். பொது வடிகாலை அடைத்துச் சேதம் வந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 326-இல் ஐந்து ஆண்டு வரை சிறை. வாதியாகப் போக வேண்டிய குடும்பம் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்.

40 லட்சத்தையும் மறந்துவிடுங்கள். கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று வீதம் 40,000 ரூபாய் கட்டணம் கட்டிவிட்டு, புதுக் குழாய்க்கு முன் தார் எவ்வளவு எடை, பின் எவ்வளவு எடை என்று நிரூபிக்க வேண்டும். கிணறு 2017-லிருந்தே நாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்?

சமரசத்துக்குப் போங்கள். புதுக் குழாயை ஓடையிலிருந்து துண்டித்துச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பது, அதுவரை கழிவை லாரியில் அள்ளுவது, முடிக்கும் தேதி. இந்த மூன்றுக்கும் நகராட்சி இறங்கிவந்தால் கையெழுத்துப் போடலாம். ஆனால் மனுவைத் தாக்கல் செய்த பிறகு பேசுங்கள். முடிவு தீர்ப்பாய உத்தரவில் ஏற வேண்டும். தலைவர் அறையில் முத்திரைத் தாளில் எழுதி வாங்கியதை வைத்துக்கொண்டு எதையும் அமல்படுத்த முடியாது. "பேசிக்கிட்டிருக்கோம்ல, கேஸ் எதுக்கு?" என்று இழுத்தடித்தே ஆறு மாதத்தைக் கடத்திவிடுவார்கள்.

குழாய் பதித்த வேலை உத்தரவையும், வேலை முடிந்த தேதியையும் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு. உங்கள் கையில் இருப்பது இரண்டே மாதம்.