முள்ளி, சங்கு, ஹோலி: செடிக் கேள்வி பதில்

தொண்டி வாசகி: அண்ணே, காரங்காட்டில் படகில் போனபோது சதுப்போரம் ஊதாப் பூவோடு முள் இலைச் செடி பார்த்தோம். படகுக்காரர் கழுதைமுள்ளி என்றார். அம்மா நீர்முள்ளி என்கிறார். எது சரி?

படகுக்காரர் சொன்னதுதான் சரிம்மா. கழிமுள்ளி என்றாலும் அதேதான். நீர்முள்ளி நல்ல தண்ணீர்ச் செடி, கண்மாய்க் கரையிலும் வாய்க்காலிலும் வரும். முள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கழுதைமுள்ளிக்கு இலை விளிம்பிலேயே முள். இலை தடிப்பாகப் பளபளக்கும். நீர்முள்ளிக்குத் தண்டின் கணுவைச் சுற்றி நீள முள். பூவும் காட்டிக்கொடுக்கும்: கழுதைமுள்ளிப் பூவில் கீழ் இதழ் மட்டும் அகலமாக விரிந்திருக்கும், மேலே ஒன்றும் இருக்காது. நல்ல வெயிலில் அதன் இலையைப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உள்ளே போன உப்பை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. உவர்ச்சேற்றில் அது பச்சையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு மிகவும் பிடித்த செடி இது. மருந்துக்கு நீர்முள்ளி தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் பறித்துவிடாதீர்கள்.

பரமக்குடி வாசகர்: கழுதைமுள்ளி இலை கிறிஸ்துமஸ் அட்டையில் வரும் ஹோலி இலை மாதிரியே இருக்கிறதே, சொந்தமா?

இலைதான் அப்படி, சொந்தமில்லை. 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் கழுதைமுள்ளிக்கு வைத்த அறிவியல் பெயரில் வரும் 'இலிசிஃபோலியஸ்' என்ற சொல்லுக்கே ஹோலி இலை கொண்டது என்றுதான் பொருள். அசல் ஹோலி, ஐலெக்ஸ் பேரினம். நம் கடற்கரையில் அது கிடையாது. நீலகிரிச் சோலைகளில் அந்தப் பேரினத்து மரங்கள் உண்டு. அப்புறம், எல்லா ஹோலிக்கும் முள் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் யாப்பான், இங்க்பெரி இரண்டும் பசுமை மாறாத அசல் ஹோலிகள்; இரண்டுக்கும் முள் இலை இல்லை.

தங்கச்சிமடம் வாசகர்: வேலியில் ஒரே ஒரு சங்கஞ்செடி. பூக்கிறது, காய்க்கவே மாட்டேன் என்கிறது.

கணுவுக்கு நாலு முள் இருக்கிற முட்சங்குதானே? அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. உங்களுடையது ஆணாக இருந்தால் என்ன செய்தாலும் காய்க்காது; பெண் என்றால் பக்கத்தில் ஆண் செடி வேண்டும். ஹோலிக்கும் இதே கதைதான். காய்க்கிற செடியின் வெள்ளைப் பழத்திலிருந்து விதை எடுத்து வேலி நெடுகப் போட்டுவிடுங்கள், இரண்டும் கலந்து முளைக்கும். முள்ளே இல்லாத பீச்சங்கு வேறு செடி, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உப்பூர் வாசகர்: கழுதைமுள்ளியைப் பிடுங்கி வந்து வேலிக்கு நடலாமா?

வேண்டாம் தம்பி. கழிக்கரைச் சேற்றைப் பிடித்து வைத்திருப்பதே அதன் வேர்தான். உங்கள் வேலிக்கு முட்சங்கு போதும்.