கிரிப்டோ கேள்வி-பதில்: ரூபாய்க்கு மாற்றாகுமா?

ரூபாய் மதிப்பு இறங்கிக்கொண்டே போகிறது. பிட்காயின் மொத்தம் 2.1 கோடி நாணயங்களுக்கு மேல் வராது. சேமிப்பை அதில் போட்டால் பத்திரம்தானே? (மதுரை)

வரம்பு எண்ணிக்கைக்குத்தான், விலைக்கு இல்லை. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது. மறு நவம்பரில் 16,000 சொச்சம். அதே ஓராண்டில் டாலரிடம் ரூபாய் இழந்தது சுமார் 10 சதவீதம். கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை என்று தேதி குறித்த பணத்தை இதில் போடாதீர்கள்.

எல் சால்வடாரில் பிட்காயின்தானே அரசுப் பணம்? (கோவை)

2021 செப்டம்பரில் ஆக்கினார்கள். அரசின் பிட்காயின் செயலியை இறக்கியவர்களுக்கு 30 டாலர் இனாமும் கொடுத்தார்கள். கடைகளில் விலை டாலரிலேயே இருந்தது. சர்வதேச நிதியமான ஐஎம்எஃப்பின் கடனுக்காக 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, பிட்காயினை ஏற்பது கடைக்காரர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேள்வி எழுதாதீர்கள்.

ஒரு டாலர் விலையிலேயே நிற்கும் என்று சொல்லி வெளியிடும் கிரிப்டோவான ஸ்டேபிள்காயினுக்கு 12 சதவீத வட்டி தருகிறார்கள். எஃப்டி மாதிரிதானே? (திருப்பூர்)

இல்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி ஓய்வதில்லை. வங்கி திவாலானாலும் எஃப்டிக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இங்கே நீங்கள் கொடுப்பது, வாங்குபவர் யாரென்றே தெரியாத கைமாற்று.

டெராயுஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயினை ஆங்கர் என்ற கடன் தளத்தில் வைத்தவர்களுக்கு ஏறத்தாழ 20 சதவீத வட்டி கிடைத்தது. அதன் விலையைத் தாங்கியது ரொக்கமல்ல. லூனா என்ற இன்னொரு நாணயத்தை அச்சடித்து ஈடுகட்டினார்கள். 2022 மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற, லூனா கணக்கில்லாமல் பெருகி, சில நாளில் ஏறக்குறைய பூஜ்யமானது. டெராயுஎஸ்டி சில்லறைக் காசுக்கு வந்தது.

ரொக்கக் கையிருப்பு உள்ளதும் ஆடும். யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினின் கையிருப்பில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொள்ள, 2023 மார்ச்சில் ஒரு வார இறுதியில் 88 சென்ட் வாக்கில் இறங்கியது. அமெரிக்க அரசு அந்த வங்கியின் டெபாசிட்டுகளுக்குப் பொறுப்பேற்ற பிறகே மீண்டது. அரசாங்கமே வேண்டாம் என்று வந்த பணத்தைக் கடைசியில் தூக்கிவிட்டது அரசாங்கம்!

கையிருப்பு எதில் இருக்கிறது, வெளியிட்டவரிடமே நேராக டாலராக மாற்ற முடியுமா, வட்டி யார் பணத்திலிருந்து வருகிறது: மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் விலகுங்கள். திரும்பவும் சொல்கிறேன், தேதி குறித்த பணம் வேண்டாம்.

பிட்காயினில் 1 லட்சம் லாபம், ஈதரில் 80,000 நஷ்டம். வரி 20,000-க்குத்தானே? (சேலம்)

முழு 1 லட்சத்துக்கும். 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ்: 31,200 ரூபாய். நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பிட்காயினைக் கொடுத்து யுஎஸ்டிடி என்ற ஸ்டேபிள்காயினை வாங்கினாலும் அது விற்பனைதான். விற்கும்போதே பிடித்த 1 சதவீத வரியான டிடிஎஸ்ஸைக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளுங்கள்.

யுஎஸ்டிடி அனுப்பினேன், வரவில்லை. என்ன செய்ய? (ஊர் குறிப்பிடவில்லை)

ஊரை விடுங்கள், எந்த நெட்வொர்க் (யுஎஸ்டிடி ஓடும் தடம்) என்றுகூட எழுதவில்லை. பரிவர்த்தனை ஹேஷை, அதாவது அனுப்பியதன் அடையாளக் குறியை, ட்ரான் நெட்வொர்க்காக இருந்தால் ட்ரான்ஸ்கேன் தளத்திலும், எத்தீரியமாக இருந்தால் ஈதர்ஸ்கேன் தளத்திலும் போட்டுப் பாருங்கள். வெற்றி என்று காட்டினால் பணம் நீங்கள் கொடுத்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெறும் எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) அந்த நெட்வொர்க்கை ஏற்காததுதான் கணக்கில் காட்டாததற்கு வழக்கமான காரணம். ஹேஷோடு அவர்களுக்கே எழுதுங்கள், கட்டணம் கேட்கலாம். மீட்டுத் தருகிறேன் என்று உங்கள் வாலட்டைத் திறக்கும் 12 ரகசியச் சொற்களைக் கேட்பவன் திருடன். அடுத்த முறை முதலில் 10 டாலர் அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.