வேதாகமத்தில் பேரோடு நின்றுவிடும் சின்னப் பாத்திரங்களுக்குப் பழைய யூத எழுத்தாளர்கள் எப்படிக் கதை கொடுத்தார்கள்?

யாக்கோபின் மகன் ஆசேர்; அவருடைய மகள் செராக்கை வைத்தே சொல்கிறேன். சின்ன வயதில் வம்ச அட்டவணை வந்தாலே பக்கத்தைத் தள்ளிவிடுவேன். அப்படித் தள்ளிய பக்கங்களில்தான் அவள் இருந்திருக்கிறாள்.

ஆதியாகமம் 46இல், எகிப்துக்குப் போன யாக்கோபின் குடும்பத்தார் 70 பேரின் கணக்கு வருகிறது. பேரன்கள் ஏராளம். பேத்தி என்று பெயர் சொல்லப்படுபவள் இவள் ஒருத்திதான். அப்புறம் பல தலைமுறை கழித்து, எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த ஜனங்களை மோவாபில் கணக்கெடுக்கிறார்கள் (எண்ணாகமம் 26). அங்கேயும் செராக்! இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தைகூட அவள் பேசவில்லை.

வேதத்தில் எந்தப் பெயரும் சும்மா வராது என்பது ரபிமார்களின், அதாவது யூத வேத ஆசான்களின், நம்பிக்கை. போனவர்களோடும் இருக்கிறாள், வந்தவர்களோடும் இருக்கிறாள் என்றால், இடையில் அவள் சாகவே இல்லை என்று வாசித்தார்கள். அப்படியானால் யாக்கோபின் மகன் யோசேப்பைக் கண்ணால் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவள் அவள்தான். மீதிக் கதையெல்லாம் இதிலிருந்து கிளைக்கிறது.

ஜனங்களை எகிப்திலிருந்து விடுவிக்க மோசே வந்து அற்புதங்கள் செய்தபோது, இவர் உண்மையான மீட்பர்தானா என்று மூப்பர்கள் செராக்கிடம் போய்க் கேட்கிறார்கள். அற்புதத்தை அவள் பொருட்படுத்தவில்லை. “தேவன் உங்களை நிச்சயமாய்ச் சந்திப்பார்” என்று யோசேப்பு சாகும்போது சொன்ன அதே சொல்லை மோசேயும் சொன்னார் என்றதும், “இவர்தான்” என்கிறாள். யோசேப்பு கேட்டுக்கொண்டபடி அவர் எலும்புகளை எகிப்திலிருந்து கொண்டுபோக வேண்டுமே, சவப்பெட்டி எங்கே? நைல் நதியில் இறக்கிய இடத்தைக் காட்டுவதும் அவளே.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு கதை. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யோகனான், செங்கடல் பிளந்தபோது தண்ணீர் எப்படி மதிலாக நின்றது என்று பாடம் நடத்துகிறார். பின்னல் வேலிபோல என்கிறார். செராக் எட்டிப் பார்த்து, “நான் அங்கே இருந்தேன். வெளிச்சம் வரும் சன்னல்களைப்போல இருந்தது” என்று திருத்துகிறாள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து வாதாடிய பாடசாலையின் கதையில், கடைசி வார்த்தையை ஒரு கிழவிக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதியவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எல்லாக் கதையும் இப்படிக் கணக்கிலிருந்து பிறக்கவில்லை. இரக்கத்தில் பிறந்ததும் உண்டு. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபின் மனைவிக்கு எபிரெய வேதத்தில் பெயர்கூட இல்லை. “தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்” என்று பேசியதற்காகவே அவளை நினைவு வைத்திருக்கிறோம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவள் வீடு வீடாகக் கூலிக்கு அலைகிறாள், பொழுது எப்போது சாயும் என்று காத்திருக்கிறாள். ‘யோபின் சாசனம்’ என்ற, வேதாகமத்தில் சேராத பழைய நூல் அவளுக்குப் பெயரும் தருகிறது. அதில் அப்பம் விற்பவன் வேடத்தில் சாத்தான் வருகிறான். கையில் காசில்லை. புருஷன் பசிக்கு மூன்று அப்பம் வாங்க, சந்தையில் எல்லாரும் பார்க்கத் தன் தலைமுடியை அவன் கத்தரித்துக்கொள்ள விடுகிறாள்.