பி.காம். முடித்த மகள் பண்ணைப் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பி.காம். முடித்திருக்கிறாள். வங்கித் தேர்வுக்குப் படிப்பாள் என்று நினைத்திருந்தோம். அவளோ, இயற்கை விவசாயப் பண்ணை ஒன்றில் ஆறு மாதம் தங்கிப் பயிற்சி எடுக்கப் போவதாகச் சொல்கிறாள். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. இதனால் அவள் வேலைக்கு ஏதேனும் பயன் உண்டா? ஆறு மாதம் வீணாகிவிடுமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: நிலம் இல்லையே என்ற கவலையை முதலில் விடுங்கள். நான் பார்த்தவரை, பண்ணைப் பயிற்சி முடித்தவர்களில் விவசாயி ஆனவர்கள் குறைவு. விவசாயத்தைச் சுற்றியுள்ள வேலைகளுக்குப் போனவர்களே அதிகம். அங்கே பி.காம். படித்தவருக்கு நல்ல மதிப்பு இருக்கிறது.

கிடைக்காததையும் சொல்லிவிடுகிறேன். பண்ணை தரும் சான்றிதழ் வேளாண்மைப் பட்டத்துக்கு ஈடாகாது. அரசின் வேளாண்மை அலுவலர் பணிக்கும், வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கும் வேளாண்மையிலோ அதைச் சார்ந்த துறையிலோ பட்டம் வேண்டும். அந்தக் கதவு உங்கள் மகளுக்குத் திறக்காது. பொதுவான வங்கித் தேர்வை அடுத்த ஆண்டும் எழுதலாம்.

திறக்கும் கதவு வேறு. 2002இல் கம்பெனிச் சட்டத்தில் வந்த திருத்தத்தால், விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க முடிகிறது. 2020இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 10,000 அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஓர் அமைப்புக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாக உதவி உண்டு. முதன்மைச் செயல் அலுவலர், கணக்காளர் ஆகியோரின் சம்பளமும் இதில் அடங்கும். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் வரவு செலவும் தெரிந்து, நிலக்கடலையில் உடைப்புத்திறன் (காயை உடைத்தால் எவ்வளவு பருப்பு தேறும் என்ற கணக்கு) என்றால் என்னவென்றும் தெரிந்த ஆளைத் தேடி இந்த நிறுவனங்கள் அலைகின்றன.

இயற்கை முறையில் விளைந்தது என்று சான்று தரும் அங்ககச் சான்றளிப்பும் அப்படித்தான். ஏற்றுமதிக்கான தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில், ஓராண்டுப் பயிர் நிலத்துக்கு இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டும் மாற்றுக்காலம், அதாவது ரசாயனத்திலிருந்து இயற்கை முறைக்கு மாறும் காலம், ஓட வேண்டும். எந்த வயலில், எந்தத் தேதியில், எந்த இடுபொருள் போட்டார்கள், விதை எங்கே வாங்கினார்கள், விளைந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு வேண்டும். நன்றாக விவசாயம் செய்கிற பலர் இந்தப் பதிவேட்டில்தான் தடுமாறுகிறார்கள். உங்கள் மகள் தடுமாற மாட்டாள்.

இனி முக்கியமான விஷயம். ஆறு மாதமா, மூன்று மாதமா என்பதைவிட எந்த மாதம் தொடங்குகிறாள் என்று பாருங்கள். ஒரு பயிரை விதையிலிருந்து விற்பனை வரை பார்க்காத பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆடிப்பட்டத்தில் மானாவாரி நிலக்கடலை விதைக்கும் பண்ணையை எடுத்துக்கொள்வோம். முதல் சில வாரங்கள் களையெடுப்பிலேயே போகும், முதுகு ஒடியும். 40–45 நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பார்கள். அதன்பின், பூவிலிருந்து இறங்கிக் காயாகும் விழுது மண்ணுக்குள் போவதால் செடியை அசைக்கக் கூடாது. களையைக் கண்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய காலம் அது. 105 நாளை ஒட்டி அறுவடைக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும். இன்றே பிடுங்குவதா, இரண்டு நாள் பொறுப்பதா? பிடுங்கினால் காயப்போட வெயில் உண்டா? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோவதா, வாசலுக்கு வரும் வியாபாரிக்கே கொடுத்துவிடுவதா? அந்தப் பத்து, பதினைந்து நாளில் எடுக்கும் முடிவுகளில்தான் மொத்தப் பருவத்தின் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன. இரண்டு மாதத்தில் கிளம்பிவிட்டால் களையெடுப்பு மட்டும்தான் மிச்சம். பந்தியில் சாப்பிட்டுத் திரும்பியவரிடம் கல்யாணச் செலவுக் கணக்கைக் கேட்பது போலாகிவிடும். (வார இறுதிப் ‘பண்ணை அனுபவ’ முகாம்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். புகைப்படம் நன்றாக வரும்.)

தேர்ந்தெடுக்காத இடம்கூட ஒருவரின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் இயந்திரப் பொறியியலும் படித்த, பின்னாளில் அமுல் பால் நிறுவனத்தை வளர்த்தெடுத்த வர்கீஸ் குரியன், 1949இல் குஜராத்தின் ஆனந்துக்கு விரும்பிப் போகவில்லை. அரசு உதவித்தொகையில் வெளிநாட்டில் படித்ததற்கான ஒப்பந்தம் அவரை அங்கிருந்த அரசுப் பால்பொருள் ஆலைக்கு அனுப்பியது. கிளம்பும் நேரம் வந்தபோது, பக்கத்திலிருந்த பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு இயந்திரம் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். மாட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கையில் வேறொரு தொழில் இருந்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது. உங்கள் மகளுக்குக் கணக்கியல் இருக்கிறது.

பண்ணையைத் தேர்வு செய்யும்போது கறாராக இருங்கள். பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாத கூலியாள் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சென்ற பருவத்தின் வரவு செலவைப் பயிற்சியாளருக்குக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் எதற்கு’ என்று பதில் வந்தால் வேறு பண்ணை பாருங்கள். வேலை நேரம், உணவு, தங்குமிடம், உதவித்தொகை, விடுப்பு எல்லாம் எழுத்தில் வேண்டும். முன்பு அங்கே பயிற்சி எடுத்த பெண்கள் இருவரிடமாவது பேசாமல் முடிவெடுக்காதீர்கள். தாழ்ப்பாள் உள்ள தனி அறை, கழிப்பறை, அங்கேயே தங்கும் வேறு பெண்கள் ஆகியவற்றில் சமரசம் வேண்டாம். பாம்புக்கடிக்கு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் வண்டி கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். போகும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளட்டும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை அவளோடு போய் வாருங்கள். அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணை ஒழுங்காக நடக்கிறது, எது பெயருக்கு நடக்கிறது என்பதும் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு, தேர்ந்தெடுத்த பண்ணையில் அவள் இரண்டு நாள் தங்கி வேலை செய்து பார்க்கட்டும். மூன்றாம் நாள் கை கால் வலியோடு வந்து, எப்போது சேரலாம் என்று அவளே கேட்டால், ஆடி பிறப்பதற்குள் அனுப்பிவையுங்கள்.